பக்கத்து நிறுவனம் 'மீதி மாடியை' விலைக்குக் கேட்கிறது, விற்கலாமா?

வாசகி எழுதியது, சுருக்கமாக:

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்களுக்கு ஈரடுக்குக் கடைவீடு இருக்கிறது. அப்பா வாங்கியது, ஃப்ரீஹோல்டு. இப்போது என் பெயரிலும் இரண்டு தம்பிகள் பெயரிலும் இருக்கிறது, சின்னத் தம்பி சென்னையில் இருக்கிறான். கீழே துணிக்கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம், மேலே அவர்களுடைய கிடங்கு. பக்கத்துக் கடைவீடுகள் இரண்டையும் அவற்றின் பின்னால் உள்ள மனையையும் ஒரு நிறுவனம் வாங்கியிருக்கிறது. "உங்கள் மனை 130 சதுர மீட்டர், பிளாட் ரேஷியோ 3.0, ஆக 390 சதுர மீட்டர் கட்டலாம், கட்டியிருப்பது 250 தான், மீதி 140 சும்மா கிடக்கிறது, எங்களுக்கு எழுதிக்கொடுங்கள், 300,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறோம், உங்கள் கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடமாட்டோம்" என்கிறார்கள். 5,000 வெள்ளி காசோலையும் ஒப்பந்த வரைவும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வரைவைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். சென்னையில் சித்தப்பா மகன் ரோடு அகலப்படுத்தியபோது டிடிஆர் என்ற மேம்பாட்டு உரிமைச் சான்றிதழ் வாங்கி நல்ல விலைக்கு விற்றான். நியூயார்க்கில் இது சர்வசாதாரணம் என்று பெரிய தம்பி சொல்கிறான். கையெழுத்துப் போடலாமா? துணிக்கடைக்காரரிடம் இப்போதே சொல்ல வேண்டுமா?

பதில்:

அம்மா, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். கையெழுத்துப் போடாதீர்கள், காசோலையை வங்கியிலும் போடாதீர்கள். அவர்கள் விலை பேசும் சரக்கு, சிங்கப்பூரில் இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டு கைமாற்றக்கூடிய சரக்கே இல்லை. ஆனால் அந்த வரைவில் வேறு சில விஷயங்கள் இருக்கின்றன, அவை நிஜமானவை, மதிப்புள்ளவை, அவற்றை நீங்கள் ஏறக்குறைய சும்மாவே கொடுக்கப்போகிறீர்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த 3.0 என்ற எண்ணிலிருந்து ஆரம்பிப்போம். பிளாட் ரேஷியோ என்றால் மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு வரை போகலாம் என்ற கணக்கு. 130ஐ 3ஆல் பெருக்கினால் 390, அதில் தப்பில்லை. தப்பு அடுத்த வரியில் இருக்கிறது. மாஸ்டர் பிளானில், அதாவது அரசின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில், உள்ள அந்த எண் ஓர் உச்சவரம்பு மட்டுமே, அதுவரை கட்டிக்கொள்ளலாம் என்று உங்களுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. உயரக் கட்டுப்பாடு, பழைய கட்டடங்களைக் காக்கும் பாதுகாப்புக் கட்டட விதி, சாலைக்காக ஒதுக்கியது, பக்கத்துக் கட்டடங்களோடு எப்படிப் பொருந்துகிறது என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் நகர மறுசீரமைப்பு ஆணையம், அதாவது நாம் எல்லாரும் சொல்லும் யூஆர்ஏ, இந்த மனையில் இவ்வளவு என்று முடிவு செய்யும். லிஃப்டில் 13 பேர் ஏறலாம் என்று பலகை மாட்டியிருக்கிறது, நீங்கள் ஒருவர் மட்டும் ஏறுகிறீர்கள், அதற்காக மீதி 12 பேர் இடத்தைப் பக்கத்து லிஃப்டுக்கு விற்க முடியுமா? இந்த நிறுவனம் கேட்பது கிட்டத்தட்ட அதைத்தான்.

உங்கள் விஷயத்தில் அந்த 140 சதுர மீட்டர் காகிதத்தில்கூட உறுதியில்லை. உங்கள் தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7-ஆம் தேதி பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது, சைனாடவுனும் கம்போங் கிளாமும் அதே காலத்தில் வந்தவை. இந்த மாதிரி வரலாற்று வட்டாரங்களில் கட்டடம் முழுவதையும் காப்பாற்ற வேண்டும், முகப்பை மட்டும் அல்ல. உங்கள் கடைவீட்டின் ஓட்டுக் கூரை, நடுவில் வெளிச்சத்துக்காக விட்ட முற்றம், பின்கட்டு, பொதுச் சுவர்கள், மரச் சன்னல்கள், கடை முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதை எல்லாமே பட்டியலில் உண்டு. கூரைக்கு மேல் இன்னொரு மாடி ஏற்ற விடமாட்டார்கள். ஆக உங்கள் மனைக்கு உண்மையான வரம்பு 3.0 அல்ல, இப்போது நிற்கிற கட்டடத்தின் உருவம்தான். அதற்குள் ஒரு இடைத்தளமோ கூரைக்கடியில் ஒரு பரணோ போட அனுமதி கிடைக்கலாம், கிடைத்தால் அது உங்களுக்கே வாடகை தரும் இடம். அதைத் தாண்டி விற்க மீதி ஒன்றும் இல்லை.

நாலு தெரு தள்ளி ஜாலான் புசார் பக்கம் கடைவீடு வைத்திருக்கும் உங்கள் தெரிந்தவர் யாராவது, "எனக்குப் பின்னால் உயர்த்திக் கட்ட விட்டார்களே" என்று சொன்னால் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஜாலான் புசார், கேலாங், ஜூ சியட் போன்றவை வேறு வகைப் பாதுகாப்பு வட்டாரங்கள். அங்கே முன்கட்டைக் காப்பாற்றிவிட்டுப் பின்பக்கத்தில் புதிதாக, கூரையைவிட உயரமாகக்கூட, அந்தப் பகுதிக்கான வரம்புக்குள் கட்ட வழியுண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு ஏஜெண்டுகள் பேசுவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று, அந்த 250 என்ற கணக்கை அவர்கள் எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். அப்பா காலத்து வரைபடத்தைப் பார்த்துப் போட்டிருந்தால் அது இன்றைய கணக்கு அல்ல. 2023 ஜூன் 1 முதல் தளப்பரப்பை அளக்கும் முறையை அரசு அமைப்புகள் எல்லாம் ஒன்றாக்கியிருக்கின்றன, வெளிச்சுவரில் எந்தக் கோடு வரை அளப்பது என்பதற்கும் இப்போது ஒரே விதி. சின்ன மனையில் இந்த மாதிரி வித்தியாசம்கூடக் கண்ணில் படும். சரி, இது பெரிய விஷயம் இல்லை, ஆனால் கணக்கே சரியில்லாதவர் மற்றதை எப்படிப் பார்த்திருப்பார் என்று தெரிந்துகொள்ள உதவும்.

இப்போது தம்பி சொன்ன நியூயார்க். அவர் சொல்வது முழுக்க உண்மை, அங்கே இது பெரிய சந்தை. 1961-இல் வந்த மண்டல விதிகள், அதாவது எங்கே எதை எவ்வளவு கட்டலாம் என்ற நகர விதிகள், ஒவ்வொரு மனைக்கும் தளப்பரப்பு விகிதம் நிர்ணயித்தன. ஒரே பிளாக்கில் ஒட்டியிருக்கும் இரண்டு மனைகளுக்குக் குறைந்தது 10 அடி நீளத்துக்குப் பொது எல்லை இருந்தால், "இனிமேல் நாங்கள் இருவரும் ஒரே மண்டல மனை" என்று ஆவணம் எழுதிப் பதிந்துவிடலாம். நிலம் கைமாறாது, கட்டடம் இரண்டும் அப்படியே நிற்கும், குட்டையான கட்டடக்காரர் பயன்படுத்தாத பரப்பு மட்டும் உயரமாகக் கட்டப்போகிறவர் பக்கம் போகும். மாநகராட்சியிடம் போய்த் தனியாக அனுமதி கேட்க வேண்டியதுகூட இல்லை. பாரம்பரியக் கட்டடங்களுக்கு 1968 முதல் இன்னும் தாராளம், தெருவுக்கு எதிர்ப்பக்கம் உள்ள மனைக்குக்கூட மாற்றலாம், ஆனால் அதற்கு நீண்ட காலம் சிறப்பு அனுமதி வேண்டியிருந்தது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைமேல் 50 மாடிக்கு மேல் கோபுரம் எழுப்ப பென் சென்ட்ரல் ரயில்வே கேட்டபோது நகரம் மறுத்துவிட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1978-இல் நகரத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. அந்த உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதே, அதனால் உரிமையாளரின் பாரம் குறைகிறது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2017-இல் கிழக்கு மிட்டவுன் பகுதியில் பாரம்பரியக் கட்டடங்கள் ஒட்டிய மனைக்கு மட்டும் அல்லாமல் அந்த வட்டாரத்துக்குள் எங்கேயும் விற்கலாம் என்றாக்கிவிட்டார்கள், விற்பனையில் ஒரு பங்கு பொது இட மேம்பாட்டு நிதிக்குப் போகும்.

கவனியுங்கள், அங்கேயும் விற்றவர் விற்றவர்தான். அடுத்த தலைமுறை அந்தக் குட்டைக் கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தால் முடியாது, பரப்பு போய்விட்டது, ஆவணம் பதிவில் இருக்கிறது. அதனால்தான் அங்கே விற்கிறவர்கள் இரண்டு பக்கமும் வக்கீல் வைத்து மாதக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். உங்களிடம் வந்தவர்கள் ஒரு காசோலையை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது? வேர் வேறு. அமெரிக்காவில் நிலத்தின் மேல் கட்டுவது உரிமையாளரின் சொத்துரிமை, மண்டல விதி அதற்கு ஒரு வேலி போடுகிறது, வேலிக்குள் மிச்சம் இருப்பது உரிமையாளருடையது, ஆகவே விற்கலாம். நம்முடையது பிரிட்டிஷ் மரபு. 1947-இல் அங்கே வந்த நகர, ஊரகத் திட்டச் சட்டம் மேம்படுத்தும் உரிமையையே அரசு கையில் எடுத்துக்கொண்டது, அனுமதி வாங்காமல் எதையும் கட்டவோ பயன்பாட்டை மாற்றவோ முடியாது என்றானது. இங்கே 1958 மாஸ்டர் பிளான், 1959 திட்டமிடல் சட்டம், இன்று நடப்பில் உள்ள 1998 திட்டமிடல் சட்டம் எல்லாம் அந்தப் பாதையில் வந்தவை. அனுமதி வழியாக நிலத்தின் மதிப்பு கூடினால் அந்தக் கூடுதலில் பெரும் பங்கை அரசு கேட்டு வாங்கிக்கொள்கிறது. முன்பு மேம்பாட்டுக் கட்டணம் என்று இருந்தது, 2022 ஆகஸ்ட் 1 முதல் நில மேம்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் சிங்கப்பூர் நில ஆணையம் வசூலிக்கிறது, மார்ச்சிலும் செப்டம்பரிலும் விகிதங்கள் திருத்தப்படுகின்றன. யோசித்துப் பாருங்கள், நிறுவனம் பின்மனையில் கூடுதல் பரப்பு கட்ட அனுமதி வாங்கினால் அதற்கான கட்டணத்தை அரசுக்குத்தான் கட்ட வேண்டியிருக்கும். அதே பரப்புக்கு உங்களுக்கும் 300,000 தருகிறேன் என்கிற தாராளம் எனக்கு உறுத்துகிறது.

சென்னைக் கதைக்கும் வருகிறேன். அங்கே சித்தப்பா மகன் பக்கத்து வீட்டுக்காரருக்கு எதையும் விற்கவில்லை. சாலையை அகலப்படுத்த அவருடைய நிலத்தில் ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொண்டது, பணத்துக்குப் பதில் மேம்பாட்டு உரிமைச் சான்றிதழ் கொடுத்தது, அதை அவர் ஒரு பில்டருக்கு விற்றார். மும்பையில் 1991 விதிகளிலிருந்தே இது பெரிய வியாபாரம். அது நிலத்தை இழந்தவருக்கு அரசு தரும் ஈடு. உங்களிடம் யாரும் நிலம் எடுக்கவில்லை, அப்படியே எடுத்தாலும் இங்கே நிலக் கையகப்படுத்தல் சட்டப்படி பணமாகத்தான் தருவார்கள்.

சிங்கப்பூரில் இந்த நோக்கத்துக்கு வழியே இல்லை என்று சொல்லவில்லை. வழி உண்டு, ஆனால் மனைகளைச் சேர்த்து ஒரே திட்டமாகக் கொண்டுபோக வேண்டும், பரப்பை மட்டும் தனியாக உருவி எடுக்க முடியாது. 2019-இல் யூஆர்ஏ கொண்டுவந்த வியூக மேம்பாட்டு ஊக்கத் திட்டம் அப்படிப்பட்டது: குறைந்தது இரண்டு அடுத்தடுத்த மனைகள், 20 வயதான கட்டடங்கள், சேர்ந்து திட்டம் போட்டால் கூடுதல் பரப்பைப் பரிசீலிப்பார்கள். ஹேவ்லாக் ரோட்டில் சென்ட்ரல் மால், சென்ட்ரல் ஸ்குவேர் இருந்த இடத்தில் வரும் யூனியன் ஸ்குவேர் இந்தத் திட்டத்தில் வந்தது, அதில் பழைய கடைவீடுகளும் உள்ளடங்கியிருக்கின்றன, கோபுரம் ஒரு பக்கம், கடைவீடுகள் ஒரு பக்கம். ஆனால் அங்கே எல்லாமே ஒரே மேம்பாட்டாளர் கையில் இருந்தது. கோல்டன் மைல் காம்பிளெக்ஸும் அப்படித்தான். 2021 அக்டோபரில் அதைப் பாதுகாப்புக் கட்டடமாக அறிவித்தபோது, வாங்குகிறவருக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று கூடுதல் தளப்பரப்பு கொடுத்தார்கள், மனை எல்லையைக்கூடச் சரிசெய்தார்கள், அந்தப் பரப்பு அதே மனையில் பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் கோபுரமாக எழுகிறது. இரண்டிலும் சலுகை கொடுத்தது அரசு, அது இறங்கிய இடம் அதே திட்டத்தின் மனை. 130 சதுர மீட்டர் கடைவீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரிடம் கைமாற்றியது எதிலும் இல்லை.

சரி, அப்படியானால் அந்த நிறுவனத்துக்கு உண்மையில் என்ன வேண்டும்? அதற்கான விடை நீங்கள் அனுப்பிய படங்களில் இருக்கிறது. முதல் மூன்று பத்திகளில் "பயன்படுத்தாத தளப்பரப்பு" என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அதை விட்டுவிடுங்கள், அது அலங்காரம். நாலாவது பத்தியைப் பாருங்கள்: இந்த மனையையும் சேர்த்து நிறுவனம் போடும் எந்தத் திட்ட விண்ணப்பத்துக்கும் நீங்கள் மூவரும் நிபந்தனையில்லாமல் ஒப்புதல் தருகிறீர்கள். இது விலையுள்ள பொருள். யூஆர்ஏ-க்கு விண்ணப்பம் போட நில உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும், உங்கள் மனையைத் தங்கள் திட்ட எல்லைக்குள் காட்ட வேண்டுமானால் உங்கள் கையெழுத்து இல்லாமல் முடியாது. அப்படிக் காட்டி அனுமதி வாங்கிவிட்டால், அந்த அனுமதியில் உங்கள் மனை கணக்கில் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு நீங்கள் தனியாக எதைக் கேட்டாலும் முதலில் அந்தக் கணக்கைத்தான் எடுப்பார்கள்.

ஆறாவது பத்தியில் ரத்து செய்ய முடியாத பவர் ஆஃப் அட்டர்னி. இதைப் பற்றி நான் விளக்கவே வேண்டாம், நம் ஊரில் எத்தனை குடும்பச் சொத்து இதில் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சென்னைத் தம்பியும் இதற்காகத் தனியாக நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்று சின்ன எழுத்தில் வேறு போட்டிருக்கிறார்கள்.

ஏழாவது பத்திதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. உயரத்தைக் கூட்டவோ பின்கட்டில் எதையும் கட்டவோ உட்புறத்தில் தளப்பரப்பைக் கூட்டவோ மாட்டோம், இது எங்கள் வாரிசுகளையும் பின்னால் வாங்குகிறவர்களையும் கட்டுப்படுத்தும் என்று எழுதியிருக்கிறது. இதைச் சட்டத்தில் கட்டுப்பாட்டு உடன்படிக்கை என்பார்கள், நிலப் பத்திரத்தில் குறிப்பாக ஏற்றலாம், ஏற்றினால் செல்லும். அதாவது உங்கள் மனையில் கட்டும் உரிமையை அவர்களால் வாங்க முடியாது, ஆனால் நீங்கள் கட்டாமல் இருப்பதை வாங்க முடியும். பின்மனையில் ஹோட்டலோ வேறெதுவோ வருகிறதென்றால் அதன் சன்னலுக்கு முன்னால் உங்கள் பின்கட்டு எப்போதும் தாழ்வாகவே இருப்பது அவர்களுக்கு லாபம். மேலே நான் சொன்ன இடைத்தளம், பரண், அதுவும் இந்த வரியால் போய்விடும்.

அப்புறம் ஒன்பதாவது பத்தி. 295,000 வெள்ளி பாக்கி "தொடர்புடைய அனுமதிகள் கிடைத்த பின்" தரப்படும். ஏழாவது பத்தியோ கையெழுத்திட்ட நாளிலிருந்தே நடப்புக்கு வரும். அனுமதி கிடைக்காவிட்டால் ஏழாவது பத்தி ரத்தாகும் என்று எங்கேயும் இல்லை, நான் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். தளப்பரப்பை அப்படி மாற்ற அனுமதி கிடைக்காது என்பதை மேலே பார்த்தோம். ஆக நடக்கப்போவது இது: உங்கள் கையில் 5,000 வெள்ளி, உங்கள் பத்திரத்தின் மேல் கட்டுப்பாடு, கூடவே நிறுவனம் நில ஆணையத்தில் போட்டு வைக்கும் ஒரு கேவியட், அதாவது இந்தச் சொத்தில் எங்களுக்கும் உரிமை இருக்கிறது என்று பதிவில் ஏற்றும் எச்சரிக்கைக் குறிப்பு. நாளைக்குக் கடையை விற்கவோ வங்கியில் கடன் வாங்கவோ போனால் முதலில் எட்டிப்பார்ப்பது அந்தக் கேவியட்தான். இதை அவர்கள் திட்டமிட்டே செய்தார்களா, இல்லை வெளிநாட்டு ஒப்பந்தம் எதையோ பார்த்துக் காப்பியடித்த அரைகுறை வேலையா, எனக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கு விளைவு ஒன்றுதான்.

நீங்கள் இந்த வாரம் செய்யக்கூடியது இவ்வளவுதான். யூஆர்ஏ ஸ்பேஸ் என்ற இணைய வரைபடத்தில் உங்கள் முகவரியைத் தட்டுங்கள், இலவசம், உங்கள் மனை என்ன மண்டலம், பாதுகாப்பு வட்டார எல்லைக்குள் இருக்கிறதா, பின்மனை அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பின்மனை உள்ளே இருந்தால் அவர்கள் கேட்கும் பரப்பை இறக்கி வைக்க அவர்களுக்கே இடம் கிடைப்பது கஷ்டம். பிறகு நில ஆணையத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி உங்கள் பத்திரத்தைத் தேடிப் பாருங்கள், ஏற்கெனவே எதையாவது ஏற்றிவைத்திருக்கிறார்களா என்று. தம்பி ஒருவரிடம் தனியாகப் பேசியிருப்பார்களோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது, சென்னைத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். அடுக்குமாடிகளின் கூட்டு விற்பனையில் வருகிற, 80 விழுக்காடு சம்மதம் போதும் என்ற கணக்கெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது, மூன்று பேரும் சம்மதிக்காமல் முழுச் சொத்தையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் நடக்காது, அது உங்களுக்குப் பாதுகாப்பு.

நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், வாயால் பேச வேண்டாம். எந்த மனையில், எத்தனை மாடி, எந்த விதியின் கீழ் இந்தப் பரப்பைக் கட்டப்போகிறீர்கள், யூஆர்ஏ எழுத்தில் தந்த பதிலின் நகல் எங்கே, நில மேம்பாட்டுக் கட்டணம் யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். "அதிகாரி சரி என்று சொல்லிவிட்டார்" என்று உங்களிடம் சொன்னார்களாம். வாய்மொழியில் எந்த அதிகாரி எதைச் சொல்லியிருந்தாலும் அது அனுமதி ஆகாது. விரிவான வரைபடம் போடுவதற்கு முன்பே, இப்படி ஒரு யோசனை தேறுமா என்று கேட்க முன்னோட்ட விண்ணப்பம் என்ற முறை இருக்கிறது. நிஜமாகவே திட்டம் வைத்திருப்பவர்கள் தங்கள் கட்டடக் கலைஞர் மூலம் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். காசோலையை இந்தக் கடிதத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்கு உண்மையிலேயே உங்கள் மனை தேவைப்பட்டால், அதாவது சேர்த்து ஒரே திட்டமாகப் போகவோ, பின்கட்டு வழியாகத் தீயணைப்புப் படிக்கட்டுக்கு வழி விடவோ, பொதுச் சுவரில் திறப்பு வைக்கவோ, அப்போது பேரம் பேச நீங்கள் வலுவான இடத்தில் இருக்கிறீர்கள். ஆனால் பேச வேண்டியது 140 சதுர மீட்டருக்குச் சதுர அடிக்கு 200 வெள்ளி என்ற கணக்கை அல்ல. முழுக் கடையையும் விற்பதா, நீண்ட குத்தகைக்கு விடுவதா, இல்லை குறிப்பிட்ட வழியுரிமையை மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு, ஆண்டுக் கட்டணத்துக்குத் தருவதா என்று பேசுங்கள். விலைக்குச் சொத்து மதிப்பீட்டாளர் ஒருவரை நீங்களே அமர்த்துங்கள், அவரிடம் "என் கடைக்கு என்ன விலை" என்று மட்டும் கேட்காமல், "என் மனை சேர்ந்தால் அவர்கள் மனைக்கு எவ்வளவு கூடும்" என்றும் கேளுங்கள், அந்த இரண்டாவது எண்தான் உங்கள் பேரத்தின் ஆரம்பம். வக்கீலும் உங்களுடையவராக இருக்கட்டும். அவர்கள் செலவில் அவர்களே ஏற்பாடு செய்து தரும் வக்கீல் வேண்டாம், அது எத்தனை நல்ல மனதோடு சொல்லப்பட்டாலும் சரி.

என் சொந்தக் கருத்தையும் கேட்டால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏழாவது பத்தியை எந்த விலைக்கும் கொடுக்கமாட்டேன். விதிகள் மாறும். மாஸ்டர் பிளான் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கப்படுகிறது, பாதுகாப்புக் கட்டட உரிமையாளர்களுக்கு இன்று இல்லாத சலுகை ஒன்று நாளை வரலாம். அப்படி வரும்போது அதை அனுபவிக்க முடியாதபடி உங்கள் பத்திரத்திலேயே நீங்களே எழுதிக்கொடுத்திருக்கக் கூடாது. பெரிய தம்பி இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார் என்று நினைக்கிறேன், பணம் கையில் வருகிற மாதிரி தெரியும்போது யாருக்கும் கஷ்டம்தான், அவருக்கு ஒன்பதாவது பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

பக்கத்தில் எப்படியும் வேலை ஆரம்பிப்பார்கள், அதற்கும் தயாராகுங்கள். அவர்கள் கட்டடத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரே பொதுச் சுவர். உளியோ இயந்திரமோ அந்தச் சுவரைத் தொடுவதற்கு முன், உங்கள் பக்கத்துச் சுவர், கூரை சேரும் இடம், மாடிப் பலகை, ஏற்கெனவே உள்ள விரிசல் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். அவர்களுடைய ஒப்பந்தக்காரர் வேலைக்கு முன் பக்கத்துக் கட்டடங்களை ஆய்வு செய்து அறிக்கை எடுத்தால் உங்களுக்கும் ஒரு நகல் கேளுங்கள். பின்னால் "இது பழைய விரிசல்" என்ற வாக்குவாதம் வராமல் இருக்க இதைவிட மலிவான வழி இல்லை.

துணிக்கடைக்காரர் விஷயம். இப்போதைக்கு அவரிடம் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை, ஏனென்றால் இன்னும் எதுவுமே நடக்கவில்லை. ஆனால் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள், பின்கட்டும் மாடியும் அவருடைய குத்தகைக்குள் இருக்கின்றனவா, மறுமேம்பாடு வந்தால் முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்ற பிரிவு இருக்கிறதா என்று. பின்கட்டு அவர் குத்தகையில் இருந்தால், நிறுவனத்துக்கு வழியுரிமை கொடுப்பது பற்றிப் பேச்சு எழும் அன்றே அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுங்கள், கிடங்குச் சாமான்களை எங்கே வைப்பது என்ற கேள்வி அவருக்குத்தான் முதலில் வரும்.